பன்னீர் திராட்சை: ஒரு ரகம், இரண்டு அட்டவணை

இந்தியாவில் விளையும் திராட்சை ரகங்களைப் பற்றிக் கொஞ்சம் தேடினால் ஒரு அட்டவணை திரும்பத் திரும்பக் கண்ணில் படும். பல பக்கங்களில் அதே எண்கள்தான். ஒரு ஹெக்டேருக்குச் சராசரி மகசூல் இப்படி இருக்கும்:

அனாப்-இ-ஷாஹி: 35 டன்
போக்ரி (நம்ம ஊர்ப் பச்சைத் திராட்சை): 35 டன்
தாம்சன் விதையில்லா ரகம்: 20 முதல் 25 டன்
குலாபி: 10 முதல் 12 டன்

குலாபி என்பது வேறு எதுவும் இல்லை. நாம் பன்னீர் திராட்சை என்று சொல்வதுதான். உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். இந்த அட்டவணையை மட்டும் பார்த்தால் பன்னீர் கடைசி பெஞ்ச்.

இப்போது இரண்டாவது அட்டவணை. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சாகுபடிக் குறிப்பில் இருப்பது:

பச்சைத் திராட்சை: 40 டன்
பன்னீர் (மஸ்கட்): 30 டன்
அனாப்-இ-ஷாஹி, அர்கா கலப்பினங்கள்: 20 டன்
விதையில்லா ரகம்: 15 டன்

வரிசை அப்படியே புரண்டுவிட்டது. முதல் பட்டியலில் அனாப்-இ-ஷாஹியின் மூன்றில் ஒரு பங்குதான் பன்னீர். இரண்டாவதில் அதைப் போல ஒன்றரை மடங்கு. ரகம் அதே ரகம்தான். இரண்டில் ஒன்று பொய் என்று தள்ளிவிட்டுப் போய்விடலாம். ஆனால் என் தொழிலில் இரண்டு பெஞ்ச்மார்க் எதிரெதிராக வந்தால் முதலில் கேட்கும் கேள்வி "எது தப்பு" என்பது இல்லை. "எதை எந்த மெஷினில் எவ்வளவு நேரத்துக்கு அளந்தாங்க" என்பதுதான். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில் கிடைத்த விஷயங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கேள்வி வந்த இடம்

இது சும்மா பொழுதுபோக்குக் கேள்வி இல்லை. கம்பம் பள்ளத்தாக்கில் என் மாமாவுக்கு இரண்டு ஏக்கர் பன்னீர்ப் பந்தல் இருக்கிறது. போன வருஷம் போனில் கேட்டார்: "மாப்ள, எல்லாரும் விதையில்லாததுக்கு மாறச் சொல்றாங்க. மாறினா ரெண்டு வருஷம் வருமானம் கிடையாது. நீதான் எப்பப் பாத்தாலும் கம்ப்யூட்டர்ல எதையாவது படிச்சுக்கிட்டு இருக்கியே, எது தேவலைன்னு பாத்துச் சொல்லேன்."

"பாக்குறேன் மாமா" என்று சொல்லிவிட்டேன். முதலில் கையில் கிடைத்தது மேலே உள்ள முதல் அட்டவணை. அதை மட்டும் நம்பி ஒருவர் கொடியை வெட்டினால், போனது போனதுதான். நடவு, பந்தல் கம்பி, கல்தூண் எல்லாம் சேர்த்து ஒரு குடும்பத்தின் பல வருஷச் சேமிப்பு அது. அதனால் எண்களுக்குப் பின்னால் இருக்கும் வரலாற்றைப் பார்க்க வேண்டியிருந்தது.

வெயில் இல்லாத ஊரில் பிறந்த ரகம்

மஸ்கட் ஹாம்பர்க் என்ற பெயரில் ஜெர்மனி நகரம் ஒன்று இருந்தாலும், ரகம் உருவானது இங்கிலாந்தில். 1850 வாக்கில், பெட்ஃபோர்ட்ஷரில் உள்ள ரெஸ்ட் பார்க் மாளிகையின் தோட்டக்காரர் சீவர்ட் ஸ்னோ இதை உருவாக்கினார் என்பது தோட்டக்கலை வரலாறு சொல்லும் செய்தி. பெற்றோர் யார் என்பதை 2003-ல் மரபணுச் சோதனை உறுதிசெய்தது: ஒரு பக்கம் மஸ்கட் ஆஃப் அலெக்ஸாண்ட்ரியா, இன்னொரு பக்கம் பிளாக் ஹாம்பர்க் என்று ஆங்கிலேயர்கள் அழைத்த கறுப்புத் திராட்சை. ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768-ல் நட்டு இன்றும் காய்த்துக்கொண்டிருக்கும் பெரிய கொடி இந்தப் பிளாக் ஹாம்பர்க்தான்.

இங்கிலாந்தில் திறந்தவெளியில் இந்தத் திராட்சைகள் ஒழுங்காகப் பழுக்காது. அதனால் பணக்காரர் வீட்டுத் தோட்டங்களில் கண்ணாடி வீடு கட்டி, கொதிகலன் வைத்து, வெந்நீர்க் குழாய் ஓட்டிச் செயற்கையாகச் சூடு கொடுத்து வளர்த்தார்கள். 1845-ல் அங்கே கண்ணாடி மீதான வரி நீக்கப்பட்டதும் இந்தக் கண்ணாடி வீடுகள் பெருகின. அதற்கும் ரக ஒப்பீட்டுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. மஸ்கட் ஆஃப் அலெக்ஸாண்ட்ரியாவுக்கு மணம் அபாரம், ஆனால் சூடு நிறைய வேண்டும், பூ சரியாகக் காயாகாது. பிளாக் ஹாம்பர்க் வளர்க்கச் சுலபம், ஆனால் மணம் கிடையாது. இரண்டையும் சேர்த்தால் குறைந்த நிலக்கரியில் மணமுள்ள பழம் கிடைக்கும். அதாவது நம் பன்னீர் திராட்சை, வெப்பம் என்பது காசு கொடுத்து வாங்க வேண்டிய சரக்காக இருந்த ஒரு நாட்டில், அந்தச் செலவைக் கணக்குப் போட்டுப் பிறந்த ரகம். அது கடைசியில் வந்து சேர்ந்ததோ வெப்பம் இலவசமாகக் கொட்டும் கம்பம் பள்ளத்தாக்கில்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'குல்' என்றால் பாரசீகத்தில் ரோஜா, 'ஆப்' என்றால் நீர். குலாப் என்றால் ரோஜா நீர், அதாவது பன்னீர். கருநீலப் பழத்துக்கு 'குலாபி' என்று பெயர் வைத்தது நிறத்துக்காக இருக்க வழியில்லை, வாசனைக்காகத்தான். சீனாவில் இதே ரகத்தின் பெயருக்கு 'ரோஜா மணம்' என்று பொருள். மூன்று மொழிக்காரர்களும் பழத்தை மோந்து பார்த்து ஒரே பெயரை வைத்திருக்கிறார்கள். அதற்கு வேதியியல் காரணமும் உண்டு. மஸ்கட் குடும்பத் திராட்சைகளின் மணத்தைத் தருபவை லினலூல், ஜெரானியால், நெரால் என்ற சேர்மங்கள். ரோஜா எண்ணெயிலும் ஜெரானியால், நெரால் இரண்டும் இருக்கின்றன. ஆய்வகம் வருவதற்கு முன்பே மூக்கு சரியாகச் சொல்லியிருக்கிறது.

1832, 1430: இரண்டு தேதிகள்

2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்போது வந்த செய்திகளில் எல்லாம் ஒரு வரி இருந்தது: 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இந்தத் திராட்சையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று. இதற்கு முந்தைய இந்தியத் திராட்சை வரலாற்றுக் குறிப்புகளிலும் 1832 வருகிறது. ஆனால் அங்கே செய்தி கொஞ்சம் வேறு: சேலம், மதுரை மாவட்டங்களுக்குக் கிறிஸ்தவ மிஷனரிகள் திராட்சையைக் கொண்டுவந்தார்கள் என்று. தேனி தனி மாவட்டமாவதற்கு முன்பு கம்பம் மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது என்பதால் இரண்டும் ஒரே செய்தியின் இரண்டு வடிவங்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது தேதிகளை வரிசையாக வையுங்கள். மஸ்கட் ஹாம்பர்க் உருவானது 1850 வாக்கில். கம்பத்துக்கு வந்ததாகச் சொல்வது 1832-ல். பிறப்பதற்குப் பதினெட்டு வருஷம் முன்பே ஒரு ரகம் ஊருக்கு வந்திருக்க முடியாது.

இதனால் 1832 கதையே கற்பனை என்று நான் சொல்லவில்லை. திராட்சை என்ற பயிர் வந்த தேதியும், பன்னீர் என்ற ரகம் வந்த தேதியும் வேறு வேறு. பழைய குறிப்பு சொல்வது முதலாவதை. 'திராட்சை' என்ற சொல் கை மாறும்போது எங்கேயோ 'பன்னீர் திராட்சை' ஆகிவிட்டது. அதே போல 'மிஷனரிகள்' என்ற பன்மை 'ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்' என்று சுருங்கிவிட்டது. பூசைக்குத் திராட்சை ரசம் தேவைப்படும் பாதிரிமார்கள் கொடி நட்டார்கள் என்பது உலகம் முழுக்க நடந்த விஷயம். மெக்ஸிகோ, கலிபோர்னியா எல்லாம் அப்படித்தான். அங்கேயும் முதலில் வந்த 'மிஷன்' ரகம் வேறு, பிறகு தோட்டங்களை நிரப்பிய ரகங்கள் வேறு. பயிர் முதலில் வரும், ஒப்பீடு நடக்கும், பிறகுதான் நிலைக்கும் ரகம் வரும்.

இதே மாதிரி இன்னொரு தேதி. இணையத்தில் இந்தியத் திராட்சை வரலாறு சொல்லும் பல பக்கங்களில் இப்ன் பதூதா 1430-ல் தௌலதாபாத்தில் திராட்சைத் தோட்டங்களைக் கண்டார் என்று இருக்கும். இப்ன் பதூதா முகமது பின் துக்ளக்கின் அவையில் இருந்தவர். துக்ளக் இறந்தது 1351-ல். 1430-ல் இருவருமே உயிரோடு இல்லை. 1340-களில் நடந்ததை யாரோ எண்ணை மாற்றித் தட்டச்சு செய்ய, அது காப்பி-பேஸ்ட்டில் இத்தனை வருஷம் ஓடிக்கொண்டிருக்கிறது.

தேதியைத் திருத்திவிட்டு அவர் என்ன சொன்னார் என்று பார்த்தால், நம் கேள்விக்கான துப்பு அங்கேயே கிடக்கிறது. தௌலதாபாத்தில் திராட்சையும் மாதுளையும் வருஷத்துக்கு இரண்டு தடவை காய்க்கின்றன என்று அவர் குறித்திருக்கிறார். மொராக்கோவில் பிறந்து பாரசீகம், துருக்கி, மத்திய ஆசியா எல்லாம் சுற்றி வந்தவர் அவர். திராட்சை விளையும் ஊர்கள் அவருக்குப் புதிது இல்லை. அவருக்குப் புதுமையாகப் பட்டது பழம் இல்லை, வருஷத்துக்கு இரண்டு காய்ப்பு என்பதுதான்.

ஹெக்டேருக்கு என்பது சரி, எவ்வளவு காலத்துக்கு?

குளிர் நாட்டில் திராட்சைக் கொடி இலையை உதிர்த்துவிட்டு உறங்கும். வசந்தத்தில் துளிர்க்கும், இலையுதிர் காலத்தில் பழுக்கும். வருஷத்துக்கு ஒரு அறுவடை. அங்கே 'ஹெக்டேருக்கு இத்தனை டன்' என்றால் போதும், 'ஒரு வருஷத்துக்கு' என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

நம் பக்கத்தில் கொடி உறங்குவதே இல்லை. கவாத்து செய்தால்தான் அதற்குப் புது வருஷம். கவாத்துக் கத்திதான் இங்கே குளிர்காலம். ஆக, நாள்காட்டியை விவசாயி தீர்மானிக்கிறார். இந்தியத் திராட்சைப் பகுதிகளை இந்த நாள்காட்டியை வைத்தே மூன்றாகப் பிரிக்கிறார்கள்.

முதலாவது பஞ்சாப், டெல்லி பக்கம். அங்கே குளிர்காலம் உண்டு, கொடி உறங்கும். ஒரு கவாத்து, ஒரு அறுவடை. ஆனால் துளிர்த்ததிலிருந்து பருவமழை வரும் வரை கிடைக்கும் அவகாசம் 90, 95 நாள்தான். அதற்குள் பழுத்தாக வேண்டும். அதனால் அங்கே நிலைத்தது பெர்லெட். கலிபோர்னியாவின் டேவிஸில் ஹெரால்ட் ஓல்மோ உருவாக்கி 1946-ல் வெளியிட்ட, சீக்கிரம் பழுக்கும் ரகம்.

இரண்டாவது நாசிக், சாங்லி, சோலாப்பூர், ஹைதராபாத் பக்கம். இரண்டு கவாத்து, ஒரு அறுவடை. ஏப்ரலில் ஒரு கவாத்து செய்வது குச்சியை வளர்த்தெடுக்க. அக்டோபரில் இரண்டாவது கவாத்து, பழத்துக்காக. மழை முடிந்து காற்று காய்ந்திருக்கும் மாதங்களில் பழம் வரும்.

மூன்றாவது பெங்களூர், கோவை, மதுரைப் பக்கம். இரண்டு கவாத்து, இரண்டு அறுவடை. தமிழ்நாட்டுக் கணக்கில் டிசம்பர்–ஜனவரியில் கவாத்து செய்து ஏப்ரல்–மே மாதம் வெட்டுவது கோடைப் பயிர். மே–ஜூனில் கவாத்து செய்து ஆகஸ்ட்–செப்டம்பரில் வெட்டுவது மழைக்காலப் பயிர்.

இப்போது இரண்டு அட்டவணைகளையும் திரும்பப் பாருங்கள். முதல் அட்டவணையில் வெறும் ஹெக்டேர். கோவை அட்டவணையில் 'ஹெக்டேருக்கு, வருஷத்துக்கு' என்று தெளிவாக இருக்கிறது. முதலாவதில் உள்ள 10 முதல் 12 டன்னை ஒரு வெட்டுக்கு என்று எடுத்துக்கொண்டால், இரண்டு வெட்டுக்கு 20 முதல் 24. இரண்டு வருஷத்தில் ஐந்து வெட்டு எடுத்தால் வருஷத்துக்கு 25 முதல் 30. கோவை எண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். மிச்ச வித்தியாசத்துக்கு மண்ணும் பந்தலும் காரணமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

விதையில்லா ரகம் இங்கே ஏன் 25-லிருந்து 15-க்கு இறங்குகிறது? அதற்கும் காரணம் கொடியின் உடம்பில் இருக்கிறது. அடுத்த அறுவடையின் பூங்கொத்து, இந்தப் பருவத்தில் உருவாகும் மொட்டுக்குள்ளேயே கருவாக அமைந்துவிடும். அந்தக் கரு அமைய மொட்டின் மேல் நல்ல வெளிச்சம் விழ வேண்டும். தாம்சன் ரகத்தில் குச்சியின் அடி மொட்டுகள் பெரும்பாலும் மலடு. கொஞ்சம் தள்ளியிருக்கும் மொட்டுகளில்தான் கொத்து இருக்கும். அதற்காகத்தான் மகாராஷ்டிரத்தில் ஒரு முழுப் பருவத்தையே குச்சி வளர்க்க ஒதுக்குகிறார்கள். பன்னீருக்கு இந்த நெருக்கடி குறைவு. நாலு மொட்டு விட்டு வெட்டினாலே கொத்து வரும். வெட்டின குச்சியே அடுத்த பயிருக்கும் ஆகும். வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் ஓடும் பந்தயத்தில் தோற்கும் ரகம், இரண்டு மூன்று தடவை ஓடும் பந்தயத்தில் ஜெயிக்கிறது.

வெப்பத்தை அளந்தவர்கள்

வெப்பத்துக்கும் ரகத்துக்கும் உள்ள உறவை முறையாக அளக்க ஆரம்பித்தவர்கள் கலிபோர்னியாக்காரர்கள். 1880-களில் யூஜின் ஹில்கார்ட் ரகங்களை ஒப்பிட்டுச் சோதனைகளைத் தொடங்கினார். 1944-ல் டேவிஸைச் சேர்ந்த மேனார்ட் அமெரினும் ஆல்பர்ட் விங்க்லரும் மாநிலத்தை ஐந்து வெப்ப மண்டலங்களாகப் பிரித்து, எந்த மண்டலத்தில் எந்த ரகம் நல்ல ரசம் தருகிறது என்று பரிந்துரைத்தார்கள். முறை எளிமையானது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஒவ்வொரு நாளும் சராசரி வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸுக்கு மேல் எவ்வளவு இருக்கிறதோ அதைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். மொத்தம் சுமார் 2,220-ஐத் தாண்டினால் அது ஐந்தாவது மண்டலம், அதாவது மிக வெப்பமானது.

கம்பம் பள்ளத்தாக்குக்குப் போட்டுப் பார்ப்போம். சராசரி 26 டிகிரி என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 16. ஏழு மாதத்துக்கு 214 நாள். பெருக்கினால் 3,424. முழு வருஷத்துக்கு 5,840. அளவுகோல் முடியும் இடத்தைத் தாண்டி நாம் எங்கேயோ நிற்கிறோம். ஐந்தாவது மண்டலத்துக்கு அப்பால் அவர்கள் கோடு போடவில்லை. அங்கே அதற்குத் தேவையும் இல்லை. அதனால் வெளிநாட்டு ரகப் பரிந்துரையை அப்படியே எடுத்துவந்து இங்கே ஒட்ட முடியாது. இந்த ஊரில் நட்டு, இந்த ஊரில் அளக்க வேண்டும்.

தரம் என்றால் எது?

மகசூல் கூடினால் தரம் குறையும் என்று பொதுவாகச் சொல்வார்கள். இதையும் எண்ணில் பார்க்க முடியுமா என்று ஒரு கணக்குப் போட்டேன். திராட்சைச் சாற்றில் கரைந்திருக்கும் திடப்பொருளை பிரிக்ஸ் என்று அளக்கிறார்கள். அதில் பெரும்பகுதி சர்க்கரை. அனாப்-இ-ஷாஹிக்கு 14 முதல் 16 சதவீதம், பன்னீருக்கு 18 முதல் 20, தாம்சனுக்கு 20 முதல் 22 என்பது வழக்கமாகத் தரும் எண்கள். மகசூலை இதோடு பெருக்கினால் ஒரு ஹெக்டேர் கொடி எவ்வளவு சர்க்கரை செய்கிறது என்று தோராயமாகத் தெரியும்.

முதல் அட்டவணைப்படி அனாப்-இ-ஷாஹி: 35 டன்னில் 15 சதவீதம், 5.25 டன். தாம்சன்: 25 டன்னில் 21 சதவீதம், அதுவும் 5.25 டன். தசமம் வரை ஒரே எண் வந்தது தற்செயல்தான், தாம்சனுக்கு மேல் எல்லையான 25-ஐ எடுத்ததால் வந்தது. 20 டன் என்று எடுத்தால் 4.2. ஆனாலும் செய்தி புரிகிறது. ஒரு கிலோ பழத்தைப் பழுக்கவைக்க ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் இலை வேண்டும் என்பது திராட்சை ஆய்வாளர்களின் பொது விதி. இலையின் உழைப்பு ஏறத்தாழ ஒன்றுதான். அதை நிறையத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிறதா, கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிறதா என்பதில்தான் ரகங்கள் மாறுகின்றன.

கோவை எண்களில் பன்னீர்: 30 டன்னில் 19 சதவீதம், 5.7 டன். விதையில்லா ரகம்: 15 டன்னில் 21 சதவீதம், 3.15 டன். அனாப்-இ-ஷாஹி: 20-ல் 15 சதவீதம், 3 டன். இந்த ஊர் வெயிலை முழு வருஷமும் சர்க்கரையாக மாற்றுவது யார் என்று இதில் தெரிந்துவிடுகிறது.

ஆனால் சர்க்கரை மட்டும் தரம் இல்லை. வெப்பம் பழத்தை வேறு வழிகளிலும் மாற்றும். பழத்தில் உள்ள மாலிக் அமிலம் வெப்பத்தில் வேகமாகக் கரைந்துபோகும், புளிப்பு இறங்கிப் பழம் சப்பென்று ஆகும். கறுப்புத் தோலின் நிறம் இரவு குளிர்ந்தால்தான் நன்றாக ஏறும். இரவும் சூடாக இருந்தால் ஒரே கொத்தில் கறுப்பும் சிவப்பும் பச்சையும் கலந்து நிற்கும். பன்னீருக்கு இந்த நோய் நிறையவே உண்டு. கொத்தில் சில காய்கள் பருக்காமல் சின்னதாகவே நின்றுவிடுவதும் அதன் பிறவிக் குணம். இருபக்கமும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கில் இரவு கொஞ்சம் இறங்கும் குளிர், நிறத்துக்குக் கைகொடுக்கிறது. பிரான்ஸில் இதே ரகம் பெயர் பெற்றது வென்டூ மலையடிவாரத்தில். அங்கேயும் 'மஸ்கட் டு வென்டூ' என்று 1997-ல் சட்டப் பாதுகாப்புள்ள பெயர் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு மலையடிவாரம், ஒரே ரகம், இரண்டு இடத்திலும் ஊர்ப் பெயரோடு சேர்ந்த உரிமை.

சந்தை கேட்பது

மகசூலிலும் சர்க்கரையிலும் ஜெயித்தாலும் சந்தையில் பன்னீர் ஏன் பின்தங்குகிறது? இங்கேதான் தாம்சனின் கதை வருகிறது. கலிபோர்னியாவின் சட்டர் மாவட்டத்தில் வில்லியம் தாம்சன் 1872-ல் நியூயார்க் மாநிலத்து நாற்றுப் பண்ணையிலிருந்து வரவழைத்த குச்சி அது. உண்மையில் மேற்கு ஆசியாவின் பழைய கிஷ்மிஷ், சுல்தானா ரகம்தான். முதலில் அதன் புகழ் உலர்திராட்சைக்கு. அப்படியே விட்டால் காய் சின்னது. விதைதான் காயைப் பெருக்கவைக்கும் ஜிப்ரலின் ஹார்மோனைத் தருகிறது. விதை பாதியிலேயே கருகிவிடும் ரகத்துக்கு அது போதாது. டேவிஸில் ராபர்ட் வீவர் போன்றவர்கள் 1950-களின் இறுதியில் ஜிப்ரலிக் அமிலத்தைத் தெளித்துப் பார்த்தபின், அதே கொடி பெரிய காய்களைத் தந்தது. விதையில்லை, பெரிய காய், கெட்டியான சதை, குளிர்பதனத்தில் வாரக்கணக்கில் தாங்கும். கப்பல் ஏற்றுவதற்கென்றே செய்தது போல ஆகிவிட்டது. சாங்லி மாவட்டம் தாஸ்காவ் வட்டாரத்து விவசாயிகள் அதிலிருந்து தேர்ந்தெடுத்த தாஸ்-எ-கணேஷ் போன்ற ரகங்கள் மகாராஷ்டிரத்தை நிரப்பின. அதே காலத்தில் ஹைதராபாத்தின் அனாப்-இ-ஷாஹி தேய்ந்துபோனது. விதை, அடிச்சாம்பல் நோய், நகரம் விரிந்து தோட்டத்தை விழுங்கியது, மூன்றும் சேர்ந்து அடித்தன. 35 டன் மகசூல் அதைக் காப்பாற்றவில்லை.

பன்னீருக்கு விதை உண்டு, காய் சிறியது, தூரப் பயணம் தாங்காது. ஆனால் கம்பத்தில் வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும். ஒருவர் ஜனவரியில் கவாத்து செய்தால் பக்கத்துக் காட்டுக்காரர் பிப்ரவரியில் செய்வார். நாசிக் பழம் ஜனவரி முதல் ஏப்ரல் வரை சந்தையை நிரப்பும். மற்ற மாதங்களில் மதுரைக்கும் கேரளத்துக்கும் லாரி ஏற்ற கம்பத்தில் பழம் இருக்கிறது. ஒரு வெட்டு மழையில் வெடித்துப் போனாலும் நாலு மாதத்தில் அடுத்தது வரும். ஒற்றை அறுவடையில் ஒரு மழை அடித்தால் ஒரு வருஷமே போச்சு. இந்தப் பாதுகாப்புக்கு எந்த அட்டவணையிலும் கட்டம் இல்லை.

மாமாவிடம் நான் சொன்னது இதைத்தான்: "எது நல்ல ரகம்னு கேக்காதீங்க மாமா. எந்த மாசம், யாருக்கு விக்கப் போறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க. விதையில்லாதது வேணும்னா அரை ஏக்கர்ல வச்சுப் பாருங்க. மிச்சக் கொடி நிக்கட்டும். வெட்டுற ஒவ்வொரு தடவையும் தேதி, எடை, விலை மூணையும் எழுதி வைங்க."

கடைசியில் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஹில்கார்டிலிருந்து கோவை வரை எல்லா ரக ஒப்பீடும் யாரோ ஒருவர் தேதியும் எடையும் எழுதி வைத்ததில் தொடங்கியதுதான். தேதி இல்லாத எடையால்தான் பன்னீர் ஒரு அட்டவணையில் கடைசிக்குப் போனது. சரிபார்க்காத தேதியால்தான் அது பிறப்பதற்கு முன்பே ஊருக்கு வந்தது. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி, கூடலூர் பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது தாத்தா காலத்துத் தோட்டக் கணக்கு நோட்டு இருந்தால் தூசி தட்டிப் பாருங்கள். கவாத்துத் தேதி, வெட்டின தேதி, எத்தனை கூடை என்று நாலு வரி இருந்தாலும் போதும். ஒரு ரகத்தின் உண்மையான வரலாறு அந்த நோட்டில்தான் இருக்கிறது.